பூசம் இரண்டே முக்கால் வரை

அந்த வருடம் தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, ஞாயிறு வேலை நாள். தைப்பூசத்துக்கு மாநிலத்தில் பொது விடுமுறை உண்டு. பள்ளிக்கூடம் மூடியிருக்கும், வங்கி மூடியிருக்கும். பாசிர் கூடாங்கில் நான் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் தொழிற்சாலை மட்டும் மூடாது. இயந்திரத்தை நிறுத்தினால் உள்ளே உருகி ஓடுவது இறுகிவிடும் என்று சொல்வார்கள். அதனால் எந்தப் பண்டிகையானாலும் மூன்று ஷிப்டும் ஓடும். யாருக்கு விடுப்பு, யாருக்கு இல்லை என்பதை சூப்பர்வைசர் முடிவு செய்வார்.

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர் தமிழர். ஸ்கூடாயில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு நேராக இங்கே வந்தவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தமிழர் என்பதால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது என்று நம்பி விடுப்புத் தாளை நீட்டினேன்.

"அலமாக், ஞாயித்துக்கிழமையா? ஆள் இல்லையேக்கா."

"தைப்பூசம், தம்பி. பால்குடம் எடுக்கிறேன்."

"வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஆஃப் தானே? அன்னைக்கே முடிச்சிருங்களேன். வெள்ளிக்கிழமையும் முருகனுக்கு நல்ல நாள்தான்."

"தைப்பூசம் ஞாயித்துக்கிழமைதான் வருது."

"தெரியும்லா. முன்ன பின்ன ரெண்டு நாள். சாமி கோவிச்சுக்காது."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். கன்னம் இரண்டும் சுட்டது.

தை மாதத்தில் நிலவு முழுதாகும் சமயத்தில், அது பூச நட்சத்திரத்தோடு சேர்ந்து நிற்கும் நேரம்தான் தைப்பூசம். அம்மன் தன் மகன் முருகன் கையில் வேல் கொடுத்த நேரம் என்று சொல்கிறோம். எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று பஞ்சாங்கத்தில் மணியும் நிமிடமுமாகப் போட்டிருக்கும். அது என் ஷிப்டைப் பார்த்து வருவதில்லை. வருடா வருடம் தேதி மாறுகிறதே, ஒரே தேதியாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று வேலையிடத்தில் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் எனக்குக் கோபம் வந்ததில்லை. தெரியாமல் கேட்கிறார்கள். தெரிந்த ஒருவர் அதை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளச் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

அந்த நாளின் மேல் எனக்கு இன்னொரு பிடிமானமும் இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்னால், இன்னொரு தைப்பூசம். என் கணவர் எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் ஷிப்ட் வேலையில் இருந்தார். அவருக்கும் விடுப்புக் கிடைக்கவில்லை. இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு, கண்ணைக்கூட மூடாமல், காலையில் மோட்டார் சைக்கிளில் நேராகக் கோயிலுக்குக் கிளம்பினார். நான் கோயில் வாசலில் மாலையும் அர்ச்சனைத் தட்டுமாகக் காத்திருந்தேன். சிக்னலில் திரும்பிய ஒரு லாரி அவரை அடித்துப் போட்டது. தொலைபேசியில் யாரோ மலாயில் சொன்னார்கள். சுற்றிலும் உறுமி மேளம் அடித்துக்கொண்டிருந்ததால் மூன்று முறை கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தலையிலும் அடி. ஐந்து நாள் கண் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் மருத்துவமனை நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் முருகனோடு சண்டைதான் போட்டேன். உன்னைப் பார்க்க வந்த வழியில்தானே விழுந்தார் என்று கேட்டேன். அதற்குப் பிறகு வேண்டிக்கொண்டேன். அவர் கண்ணைத் திறந்தால் தைப்பூசத்தன்று, பூசம் நிற்கும்போதே, பால்குடம் எடுத்து வருகிறேன் என்று. மறுநாள் அவர் கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

ஒரு வருடத்தில் முடித்திருக்க வேண்டிய வேண்டுதல். இடையில் கோவிட் வந்தது. முதல் வருடம் பால்குடமும் இல்லை, காவடியும் இல்லை. அடுத்த வருடம் இத்தனை பேருக்குத்தான் அனுமதி என்றார்கள், எனக்கு இடம் கிடைக்கவில்லை. நோய் யாரைக் கேட்டு வந்தது? அதை நான் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது வருடம் வழி திறந்த பிறகுதான் ஒருவர் ஷிப்ட் அட்டவணையை வைத்துக்கொண்டு அதை மறிக்கப் பார்த்தார்.

கேன்டீனில் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்து, பக்கத்து வரிசையில் வேலை செய்யும் மலாய்க்காரப் பெண் என்னவென்று கேட்டாள். அவளும் நானும் பத்து வருடமாக ஒரே தொழிற்சாலை பஸ்ஸில் போய் வருகிறவர்கள். மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். பூசம் என்றால் என்ன, நிலவு என்ன கணக்கு என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. "நீ போ, காக். உன் ஷிப்டை நான் பாத்துக்கிறேன். எங்க ராயாப் பெருநாளுக்கு நீ எனக்கு நில்லு" என்றாள். காக் என்றால் மலாயில் அக்கா. கையைக்கூடக் கழுவாமல் என்னைச் சூப்பர்வைசரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்க ராயாவும் பிறை பாத்துத்தான் வருது, பாஸ். அதை வெள்ளிக்கிழமைக்கு மாத்திக்கன்னு எங்கிட்ட சொல்வீங்களா?" என்று மலாயில் கேட்டாள்.

அவர் தலையை நிமிர்த்தாமல் கையெழுத்துப் போட்டார். விடுப்புக் கிடைத்தது. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது. மலாய்க்காரப் பெண்ணுக்குப் புரிந்தது இவருக்கு ஏன் புரியவில்லை? புரிந்திருந்தும் வேண்டாம் என்று விட்டாரா?

மூன்று வாரம் சைவம் சாப்பிட்டுத் தரையில் படுத்தேன். கோயில் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். ஞாயிறு மதியம் இரண்டே முக்கால் வரை பூசம் என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குப் பிள்ளையார் கோயிலில் பூசை முடித்து, மஞ்சள் துணி கட்டிய பால்குடத்தைத் தலையில் ஏற்றினார்கள். கணவர் காலை இழுத்துக்கொண்டே என் பக்கத்தில் நடந்தார். வேண்டாம், காரில் வாருங்கள் என்றால் கேட்கவில்லை. தார்ச்சாலை கொதித்தது. ஆனால் அந்த நடையில் எனக்கு ஒரு வலியும் தெரியவில்லை. மூன்று வருடம் காத்திருந்தது தலைக்கு மேல் அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டேகாலுக்கு முருகன் கோயில் வாசலுக்கு வந்துவிட்டோம். இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது, தாராளம் என்று நினைத்தேன்.

வாசலில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது.

மஞ்சள் டீசட்டை போட்ட தொண்டர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். "டத்தோ வர்றாரு. வரவேற்பு முடிஞ்சதும் விட்டுருவோம், பத்து நிமிஷம்" என்றார் ஒருவர். சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கிய யாரோ ஒரு பெரிய மனிதர்.

பத்து நிமிடம் அரை மணி நேரம் ஆனது. அரை மணி ஒரு மணி ஆனது. எனக்கு முன்னால் ஒருவர் காவடியோடு நின்றிருந்தார். முதுகு முழுக்கக் கொக்கி, இரண்டு கன்னத்தையும் துளைத்து ஒரு வேல். அவரால் பேச முடியாது. ஆடிக்கொண்டே வந்தவரை அசையாமல் நிற்க வைத்தால் அந்தப் பாரம் அப்படியே தோளில் இறங்கிவிடும். கால் மாற்றி மாற்றி நின்றார். அவர் மனைவி குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு அவர் பாதத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பின்னால் கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமந்து வந்த ஒரு தம்பதி. குழந்தை அழுது அழுது, பிறகு அழுவதை நிறுத்திவிட்டது. அது அழுததைவிட நிறுத்தியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நிழல் என்று அங்கே எதுவும் இல்லை. பந்தல் போட்டிருந்தார்கள், உள்ளே, வரவேற்பு மேடைக்கு.

ஒன்றே முக்காலுக்கு மூன்று கார்கள் வந்தன. எங்களோடு வந்த மேளக்காரர்களை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். காவடிக்கு அடிக்க வேண்டிய மேளம் டத்தோவுக்கு அடித்தது. பூரணகும்பம், மாலை, பொன்னாடை, படம் எடுப்பது. குருக்கள் கைகட்டி மேடையில் நின்றார். ஒலிபெருக்கியில் டத்தோ பேச ஆரம்பித்தார். இந்தச் சமூகத்தின் பக்தியைக் கண்டு தான் எப்போதும் வியப்பதாகச் சொன்னார். அந்தப் பக்தி கயிற்றுக்கு இந்தப் பக்கம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

இரண்டு மணி தாண்டியதும் மஞ்சள் துணிக்கு அடியிலிருந்து மெல்ல ஒரு புளித்த வாடை வந்தது. நான் வேர்வை என்று நினைத்துக்கொண்டேன். வேர்வைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தொண்டரிடம் கோயில் செயலாளரைக் கூப்பிடச் சொன்னேன். பட்டு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக வந்தார்.

"அண்ணே, பூசம் ரெண்டே முக்காலுக்கு முடியுது. நீங்க ஒட்டின நோட்டீஸ்லதான் போட்டிருக்கு. மணி ரெண்டு இருபது."

"கொஞ்சம் பொறுங்க தங்கச்சி. பெரிய மனுஷர் வந்திருக்காரு. மண்டபம் கட்டி முடிக்க அவர் தயவு வேணும்."

"அவர் பேசட்டும். எங்களை இந்தப் பக்கமா விட்டுருங்க."

"நடுவுல போனா மரியாதையா இருக்குமா? பௌர்ணமிதான் ராத்திரி வரைக்கும் இருக்கே. எப்ப ஊத்தினாலும் பால் பால்தான். சாமி கோவிச்சுக்காது."

அதே சொல். அதே சாந்தமான முகம். என்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் சாமியின் சார்பில் எனக்கு மன்னிப்பு வழங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த அண்ணன் முதுகைப் பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "ரெண்டு மணி நேரமா கொக்கியோட நிக்கிறாரு. அந்தக் குழந்தையைப் பாருங்க. யாருக்கு மரியாதைன்னு பேசுறீங்க? இன்னைக்கு யாரைப் பாக்க வந்திருக்கோம் நாங்க?"

"சத்தம் போடாதீங்க..."

அவர் முடிப்பதற்குள் காவடிக்காரரின் மனைவி தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். என்னைப் பார்த்தாள். காவடி உயரம், அதற்கு அடியில் போகாது. நான் குனியாமல் முழங்காலை மடக்கி, குடத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். ஒரு தொண்டர் என் முன்னால் வந்தார். கையை நீட்டினார். பால்குடத்தோடு நிற்பவளை எங்கே தொடுவது என்று தெரியாமல் கையை மடக்கிக்கொண்டார். அதற்குள் பின்னால் யாரோ கயிற்றின் முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள். வேல் வேல் என்று ஒரு குரல் எழுந்தது, பிறகு நூறு குரல். வரிசை நகர்ந்தது. ஒலிபெருக்கியில் டத்தோ பாதி வாக்கியத்தில் நின்றார். அவரோடு வந்தவர்கள் அவரை ஓரமாக நடத்திக்கொண்டு போனார்கள். குருக்கள் செயலாளர் முகத்தை ஒரு முறை பார்த்தார், பிறகு மேடையிலிருந்து இறங்கிச் சன்னதிக்கு விரைந்தார்.

காவடியையும் கரும்புத் தொட்டிலையும் முதலில் போகச் சொன்னோம். என் முறை வந்தபோது மணி மூன்று ஆக இரண்டு நிமிடம். பூசம் முடிந்து பதின்மூன்று நிமிடம். அதையும் நான் விழுங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். குருக்கள் குடத்தை வாங்கித் துணியை அவிழ்த்தார். அப்படியே நின்றார்.

"பால் திரிஞ்சு போச்சேம்மா" என்றார் மெதுவாக. "இதைச் சாமிக்கு ஊத்தக் கூடாது. வேற பால் இருக்கு. அதுல உங்க பேர் சொல்லி ரெண்டு கரண்டி விடறேன்."

அவர் மேல் குற்றமில்லை. குடத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அவர் வேறு பாலை என் பேரில் ஊற்றுவதற்குள் வெளியே வந்துவிட்டேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு வில்வ மரம் இருக்கிறது. அதன் அடியில் ஊற்றினேன். கட்டி கட்டியாக விழுந்தது.

கணவர் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார். என் தோளில் கை வைத்தார்.

"விடும்மா. நீ நடந்து வந்தது அவனுக்குத் தெரியும். சாமி கோவிச்சுக்காது."

"சாமி கோவிச்சுக்காதுங்க" என்றேன். "நான் கோவிச்சுக்கிறேன். யாராவது ஒருத்தர் கோவிச்சுக்கணும்ல?"

அவர் கையை எடுக்கவில்லை.

அந்த வாரமே கோயிலுக்குப் போய் உறுப்பினர் பாரம் வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். செயலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், குறை ஒன்றும் கிடைக்கவில்லை. சில மாதம் கழித்துப் பொதுக்கூட்டம் வந்தது. கணவர் உறுப்பினர்தான், ஆனால் அவரைப் பேசச் சொல்லவில்லை. நானே எழுந்தேன்.

"தைப்பூசத்தன்னைக்கு நடந்ததைப் பத்திப் பேசணும்."

"அதைக் கடைசியில பேசலாம்மா, உக்காருங்க" என்றார் செயலாளர்.

கடைசி என்பது பாதிப் பேர் கிளம்பிப் போன பிறகு என்று எனக்குத் தெரியும். உட்காரவில்லை. கூட்டம் சலசலத்தது. டத்தோ இல்லாவிட்டால் இந்தக் கோயிலுக்கு யார் இருக்கிறார் என்று ஒருவர் கத்தினார். பொம்பளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று இன்னொருவர், மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கும்படி.

அப்போது பின் வரிசையில் ஒருவர் எழுந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. கன்னத்தில் சின்னதாக ஒரு தழும்பு. அந்தக் காவடிக்காரர். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவராம். அவர் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"அன்னைக்கு வாயில வேல் இருந்துச்சு, என்னால பேச முடியல. இப்ப பேசுறேன். டத்தோ வரட்டும், நாங்களும் கும்பிடுறோம். ஆனா கடைசிக் காவடி உள்ள போனதுக்கு அப்புறம் வரட்டும். எழுதுங்க அண்ணே அதை."

யாரும் கைதட்டவில்லை. ஆனால் கைகளைத் தூக்கச் சொன்னபோது தூக்கினார்கள். முதலில் பெண்கள் பக்கம், பிறகு ஆண்கள் பக்கம். கடைசியில் தலைவரும் தூக்கினார். செயலாளர் எழுதினார். பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தி எழுதினார்.

அடுத்த வருடம் தைப்பூசம் வியாழக்கிழமை. சூப்பர்வைசர் வேறு தொழிற்சாலைக்குப் போய்விட்டிருந்தார். இடையில் ஹரி ராயாவுக்கு என் தோழியின் ஷிப்டில் நான் நின்றேன், தைப்பூசத்துக்கு மறுபடியும் அவள் எனக்கு நின்றாள். வாசலில் கயிறு இல்லை. வெளியேயும் வெயிலுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். பூசம் காலையிலேயே பிறந்துவிட்டது. பதினொன்றரைக்கு என் பால்குடம் உள்ளே போனது. வெள்ளையாக, கட்டியில்லாமல், முருகன் தலையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து வேலுக்கு வழிந்தது. கணவர் சன்னதியின் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். அவர் கண் திறந்து நான்கு வருடம் ஆகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் போன வருடத்துப் பால் மனதைவிட்டுப் போகவில்லை. இது அதை ஈடுகட்டிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அன்னதானத்துக்கு வரிசையில் நின்றோம். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் செயலாளர். கணவருக்குச் சிரித்துக்கொண்டே ஊற்றினார், கால் எப்படி இருக்கிறது என்றும் விசாரித்தார். அடுத்து நான். என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் இருந்தவரின் தட்டுக்குக் கரண்டியைக் கொண்டு போனார். பின்னால் நின்றவர் தட்டை இழுத்துக்கொண்டார். நான் என் தட்டை நீட்டியபடியே நின்றேன். நகரவில்லை. வரிசை எனக்குப் பின்னால் நீண்டது. அவர் வாளிக்குள் பார்த்தார், மண்டபக் கூரையைப் பார்த்தார், கடைசியில் என் முகத்தைப் பார்த்தார்.

ஊற்றினார்.

"இன்னொரு கரண்டி" என்றேன்.